ஒரு சிட்டிகை யூரியா

பாத்து தம்பி, பாத்து. பைய மிதிச்சாக்கூட பரவாயில்ல, அந்தத் தொட்டிய மட்டும் மிதிச்சுடாதீங்க. ஆங், நீங்க ஜன்னலோரமா ஒக்காருங்க, நான் இத மடியில வச்சுக்கிறேன். எதுவரைக்கும் போறீங்க? திருச்சியா? நல்லதாப் போச்சு. எனக்கு மன்னார்குடி. திருச்சியில எறங்கி, தஞ்சாவூர்ல மாறி, வழிநெடுக இதக் கைக்கொழந்த மாதிரி தூக்கிக்கிட்டுப் போவணும்.

என்னா செடின்னா கேட்டீங்க? உளுந்து. வெறும் உளுந்து. கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போனவன் கதைய நீங்க கேட்டிருப்பீங்க. உளுந்து வெளையுற ஊருக்கு உளுந்துச் செடிய மடியில வச்சுக் கொண்டுபோறவன இப்ப நேர்லயே பாத்துக்கங்க. சிரிங்க, சிரிங்க. என்னைய எலின்னு சொன்னப்பவே வாய மூடிக்கிட்டு நின்ன ஆளு நான். இதுக்கா கோவிச்சுக்கப் போறேன்?

எலிதான் தம்பி. சரியாத்தான் கேட்டுச்சு ஒங்களுக்கு. சொன்னது யாரு? என் மருமவ. அதுவும் தனியா சொல்லியிருந்தா போவட்டும்னு வுட்டுருப்பேன். அவளுக்குப் பாடம் சொல்ற மேடத்துக்கு முன்னாடி, என்னையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, கையில காப்பி டம்ளரோட நான் நிக்கிறப்ப சொன்னா.

என் பேரு கலியபெருமாள். எங்க ஊரு கூட்டுறவு சங்கத்துல உரக் கிடங்கப் பாத்துக்கிட்டு இருந்தவன். யூரியா, பொட்டாஷ், டி.ஏ.பி. எல்லாம் என் கை பட்டுத்தான் வயலுக்குப் போவும். வயசுல சின்னவங்ககூட இலையக் கிள்ளி எடுத்துக்கிட்டு எங்கிட்ட ஓடி வருவாங்க. நான் தூரத்துலேர்ந்தே பாத்துச் சொல்லிடுவேன். மனுசன் மஞ்சளானா கீழாநெல்லி, இலை மஞ்சளானா யூரியா. இதுக்கு மேல வெவசாயத்துல என்னா இருக்கு? இருக்குன்னு சொல்றா என் மருமவ. அஞ்சு வருசமா அதத்தான் படிக்கிறா.

சுடர்க்கொடின்னு பேரு. என் பையன் மதியழகனுக்குப் பாத்துப் பாத்து நான் எடுத்த பொண்ணு. கல்யாணம் ஆயி வர்றப்பவே படிச்சுக்கிட்டுத்தான் வந்தா. இன்னும் முடியல. திண்டுக்கல்லுல வீடு எடுத்து ரெண்டு பேரும் இருக்காங்க. பையனுக்குக் கம்பெனி வேலை, இவளுக்கு ஆராய்ச்சி. காலேஜு பேரெல்லாம் வேணாம் தம்பி, அவ பாவம்.

என்னா ஆராய்ச்சின்னு ஒருநாள் கேட்டுப்புட்டேன். கேக்கலாமா? கேட்டுட்டேன். உளுந்து வேர்ல குட்டிக் குட்டியா முடிச்சு இருக்கும், பாத்திருப்பீங்க. அதுக்குள்ள ஒரு நுண்ணுயிர் குடியிருந்துக்கிட்டு, காத்துல இருக்கிற நைட்ரஜனப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குப் பதிலா சக்கரை குடுக்கும். இது எனக்கே தெரியும். ரைசோபியம் பொட்டலம் எங்க சங்கத்துக்கும் வரும். யூரியா வாங்க வர்றவன் தலையில ரெண்டு பொட்டலத்தச் சேத்துக் கட்டுவோம். அவன் கேட்டைத் தாண்டினதும் வாய்க்கால்ல வீசிட்டுப் போவான். வாய்க்காலுக்கு நாங்க செஞ்ச தொண்டு கொஞ்சமா நஞ்சமா?

சரி, அந்த முடிச்சு பத்தி ஆராய்ச்சின்னா ஒத்துக்கலாம். நுண்ணுயிர் பத்தின்னாகூட சரி. அதெல்லாம் இல்லையாம். செடிக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு இருக்காம். சாதாரணமா அதப் பாத்துத்தான் ஒடம்புல புரதம் செய்யுமாம். ஆனா புரதம் எதையும் செய்யாத ஆர்.என்.ஏ.வும் இருக்காம். நான்கோடிங் ஆர்.என்.ஏ.ன்னு அதுக்குப் பேரு. ரொம்ப காலம் குப்பைன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்களாம். அந்தக் குப்பையில ஒரு துக்கடாவ எடுத்து வச்சுக்கிட்டு இவ ஒக்காந்திருக்கா.

"அது என்னாதாம்மா செய்யும்?"ன்னு கேட்டேன்.

"அதுவா ஒண்ணும் செய்யாது மாமா. இலையில உருவாகி, தண்டு வழியா வேருக்கு எறங்கிப் போவும். அங்க ஒரு காவக்காரன் இருக்கான். முடிச்சு போதும், இனிமே யாரையும் உள்ள சேக்காதேன்னு சொல்றவன். இது போயி அவன் வாய அடைக்கும். அப்பத்தான் வேரு கதவத் தொறக்கும்"னா.

அட, இதுக்கா அஞ்சு வருசம்? எங்க சங்கத்துக்கு ஒரு நாள் வந்திருந்தா உத்திராபதியக் காட்டியிருப்பேன். உத்திராபதிக்கு எங்க சங்கத்துல பதவி கிடையாது, சம்பளம் கிடையாது, ஒரு மூட்டையத் தொட்டுத் தூக்கினது கிடையாது. கிடங்குல இருப்பு இல்ல, இருப்பு இல்லன்னு குமாஸ்தா கத்திக்கிட்டே இருப்பான். உத்திராபதி மெதுவா நடந்து வந்து அவன் தோள்ல கையப் போட்டுக்கிட்டு ஒக்காருவாரு. அவ்வளவுதான். குமாஸ்தா வாய மூடிடுவான், லாரி கெளம்பும். அவரு வராத அன்னிக்கு ஷட்டர் ஏறாது. இதச் சொன்னா மருமவ கண்ண அகலமாக்கி, "கரெக்டு மாமா, அதேதான்"னா. அதேதான்னா எனக்கு எங்க பட்டம்? உத்திராபதிக்கு எங்க?

இன்னொரு கூத்தக் கேளுங்க. அந்தக் காவக்காரன் கெட்டுப்போன செடி ஒண்ணு இருக்காம். முடிச்சு மேல முடிச்சா போட்டுத் தள்ளி, வந்தவனுக்கெல்லாம் சோறு போட்டுப் போட்டு, செடி குட்டையாவே நின்னு போயிடுமாம். அந்த ஜீனுக்கு வெளிநாட்டுக்காரன் வச்சிருக்கிற பேரு என்னா தெரியுமா? அளவுக்கு மீறின அன்பு. நெசமாத்தான் தம்பி, சத்தியம் பண்றேன். அன்புல என்னா அளவு? மரக்கா வச்சு அளக்கறதா? பேரு வச்சவனுக்குப் புள்ளகுட்டி இல்ல போலருக்கு.

என் பையன எடுத்துக்கங்க. அழுத புள்ளதான் பால் குடிக்கும்பாங்க. என் புள்ள அழுவ வேண்டிய அவசியமே வரல. வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி ஊட்டிடுவேன். காலேஜு எடம் நான் அலைஞ்சு வாங்கினது, வேலை நான் சொல்லி வச்சது, பொண்ணு நான் பாத்தது, திண்டுக்கல்லு வீடுகூட நான் போயிப் பேசி முடிச்சதுதான். எவ்வளவு அமைதியான பையன் தெரியுமா? யாருகிட்டயும் எதுக்கும் போயி நிக்க மாட்டான். பக்கத்து வீட்டுக்காரர் பேரு என்னடான்னு கேட்டேன், தெரியலப்பான்னான். கூட்டாளின்னு ஒருத்தன் வீட்டுக்கு வந்து நான் பாத்ததில்ல. அப்படி ஒரு ஒழுக்கம்.

எங்க வுட்டேன்? ஆங், தொட்டி.

காலேஜுல இவளுக்குச் செடி வளக்க வலைக்கூடாரம் ஒண்ணு குடுத்திருந்தாங்க. யாரோ பெரிய ஆளு வர்றாருன்னு அதுல செவ்வந்தித் தொட்டியா அடுக்கிட்டாங்களாம். ஆராய்ச்சிய எங்க வச்சாலும் ஆராய்ச்சிதான், செவ்வந்திய வாசல்லதான வைக்கணும்? அதனால இவ தன்னோட தொட்டி அத்தனையும் வீட்டு மாடிக்குக் கொண்டு வந்துட்டா. கொசுவலை கட்டி, மணல ஏழு தண்ணி கழுவி, அதுல உளுந்து போட்டா. மண்ணு கூடாதாம். உரம் கூடாதாம். நைட்ரஜன் துளி கூடாதாம். ஆனா கீழ ரூமுல ஒரு பெரிய பிளாஸ்க்கு வச்சிருந்தா, தொறந்தா பொகை பொகையா வரும். அது என்னம்மான்னேன். நைட்ரஜன் மாமா, இலைய உறைய வைக்கன்னா. செடி உசுரோட இருக்கிற வரைக்கும் கண்ணுல காட்டாத, செத்தப்புறம் முக்கி எடு. நல்ல நியாயம்.

பாதித் தொட்டிக்கு நுண்ணுயிர் ஊத்தி, அடையாளத்துக்குச் செவப்புக் கயிறு கட்டினா, பாதிக்கு ஊத்தல. அந்தச் சமயம் பாத்து ஒரு வாரம் ஐதராபாத்துல பயிற்சி வந்துச்சு. போவாம இருக்க முடியாது, ஆர்.என்.ஏ.வ அளக்குற மிஷினு அங்கதான் இருக்காம். பையனுக்கு நைட் ஷிப்டு. அதனால ஊர்ல கிடந்தவன வரச்சொன்னா. என்னைய நம்பித்தான் வுட்டுட்டுப் போனா தம்பி, அத நான் மறுக்கல. கேன்ல தண்ணி கலக்கி வச்சிருந்தா.

"மாமா, இந்தத் தண்ணி மட்டும். வேற ஒண்ணும் வேணாம். படிப்ப முடிக்க இதுதான் எனக்குக் கடைசி தவணை. இது போச்சுன்னா யூனிவர்சிட்டியில பேர எடுத்துடுவாங்க"ன்னு ரெண்டு தடவ சொன்னா. படியில எறங்கிப் போயிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவ சொன்னா.

நானும் சொன்ன மாதிரிதான் ஊத்தினேன். மூணாம் நாளு பாக்குறேன், இலை மஞ்சளாவுது. மறுநாள் இன்னும் மஞ்சள். ரெண்டே இலை தம்பி, பச்சப்புள்ளைங்க, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிதுங்க. நான் யாரு? உரக் கிடங்குல நரைச்ச ஆளு. என் கண்ணு முன்னால செடி பட்டினி கிடக்கறதா? அதுவும் மருமவ படிப்பே அதுல தொங்குதுன்னு தெரிஞ்சப்புறம்? நீங்களே சொல்லுங்க, ஒங்க வீட்டுப் புள்ளைய ஒரு வாரம் ஒருத்தர்கிட்ட வுட்டுட்டுப் போறீங்க, அது பசியில கிடக்குது, கேன் தண்ணிதான் குடுக்கச் சொன்னாங்கன்னு அவரு பேசாம இருந்தா அவர மனுசன்னு சொல்வீங்களா?

கடைக்குப் போனேன். ஒரு கை யூரியா வாங்கினேன். தொட்டிக்கு ஒரு சிட்டிகை. அதுக்கு மேல இல்ல, எனக்கு அளவு தெரியும். அதுலயும் ஓரவஞ்சன பண்ணல. செவப்புக் கயிறு கட்டினது, கட்டாதது, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டேன். ஒரு தொட்டிய வுடல. பாதிக்குப் போட்டுப் பாதிய வுட்டிருந்தாலாவது பொழைச்சிருக்கும் மாமான்னு பின்னால சொல்றா. நேர்மையா இருந்ததும் தப்பாப் போச்சு.

எப்படி எந்திரிச்சுதுங்க தெரியுமா! கரும்பச்சை. பாத்தா கண்ணு குளுந்து போவும். போன்ல சொல்லல. வந்து பாக்கட்டும், அசந்து போவட்டும்னு வச்சிருந்தேன்.

வந்தா. பையக்கூட எறக்கல, நேரா மாடிக்கு ஓடினா. நான் காப்பியப் போட்டுக்கிட்டுப் பின்னாலயே போனேன். அசந்துதான் போனா. நின்ன எடத்துலயே நின்னா. ஒரு தொட்டியக் கவுத்து, மணல உதறி, வேரத் தண்ணியில அலசினா. வெள்ளை வெளேர்னு, ஒரு முடிச்சு இல்லாம, கழுவிப் போட்ட நூலு மாதிரி இருக்கு. "எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தியாம்மா"ன்னேன். அவ இன்னொண்ணப் பிடுங்கினா. அப்புறம் இன்னொண்ணு. செவப்புக் கயிறு தொட்டியிலயும் முடிச்சு இல்ல.

"மாமா, என்ன போட்டீங்க?"

"ஒரு சிட்டிகை யூரியாம்மா. பாவமா இருந்துச்சு."

கத்துவான்னு பாத்தேன். கத்தல. கத்தியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை கத்தியிருப்பேன், சரியாப் போயிருக்கும். கீழ ஒக்காந்துட்டா. என் கையில இருந்த காப்பிய வாங்கிக் குடிச்சா. அப்புறம் அத்தனை செடியையும் ஒவ்வொண்ணாப் பிடுங்கி வரிசையா வச்சா. தூக்கி எறிஞ்சாகூட மனசு ஆறியிருக்கும், அவ்வளவு பதனமா வச்சா.

"செடிக்குப் பசிச்சாத்தான் மாமா இலையிலேர்ந்து அந்தச் சேதி எறங்கும். நீங்க மேலேர்ந்து குடுத்துட்டீங்க. இலைக்கு வயிறு நெறைஞ்சு போச்சு, சேதி அனுப்பல. காவக்காரன் கதவச் சாத்திட்டான். பக்கத்துலயே நுண்ணுயிர் நிக்குது, வேரு திரும்பிக்கூடப் பாக்கல. கேக்காமலே கெடைச்சா அது எதுக்கு மாமா இன்னொருத்தரத் தேடப் போவுது?"ன்னா.

சொல்லிட்டு மாடிப்படியப் பாத்தா. அங்க என் பையன் நின்னுக்கிட்டு இருந்தான், தூங்கி எந்திரிச்ச மொகத்தோட. எதுக்கு அவனப் பாத்தான்னு எனக்கு இன்னி வரைக்கும் வெளங்கல.

அவன் என்னா சொன்னான் தெரியுமா? "விடு சுடர், அப்பா நல்லதுக்குத்தான் செஞ்சாரு. போதும், படிப்ப நிறுத்திடேன். இப்ப நமக்கு என்ன குறை?"ன்னுட்டுப் பல்லு வெளக்கப் போயிட்டான். நானும் ஆமாம்மான்னேன். அப்பத்தான் அழுதா. எங்க ரெண்டு பேருக்கும் முதுகத் திருப்பிக்கிட்டு அழுதா. எனக்கு எப்படியோ ஆயிப்போச்சு தம்பி. அழுவற புள்ளைக்கு ஏதாவது குடுக்கணும், எங்கிட்ட என்னா இருந்துச்சு? சட்டைப் பையில மிச்ச யூரியாதான் இருந்துச்சு.

அது இருக்கட்டும். இப்ப எலிக்கு வர்றேன்.

ரெண்டு நாள் கழிச்சு அந்த மேடம் வீட்டுக்கே வந்துட்டாங்க. எமில்டா மேடம்னு பேரு, பாக்கவே பயமா இருக்கும். இன்னொரு தவணைக்கு அவங்க சிபாரிசு பண்ணணும். என்னா நடந்துச்சுன்னு மாடியில வந்து பாக்குறாங்க. தொட்டியெல்லாம் காலி. நான் காப்பியோட நிக்கிறேன். இந்தா, சொல்லப் போறா, என் மாமனார்தான்னு கையக் காட்டப் போறான்னு நிக்கிறேன்.

"எலி மேடம்"னா.

"எலியா?"

"ஆமா மேடம். எல்லாத்தையும் நாசம் பண்ணிடுச்சு."

அந்தம்மாவுக்கு வந்துச்சே கோவம்! மாடி முழுக்க மூலை மூலையாத் தேடுறாங்க. "எவ்வளவு பெரிய எலிம்மா, ஒண்ணுகூட விடலையே! இத முதல்ல ஒழிச்சுட்டு அப்புறம் விதை போடு. கேக்கு மாதிரி ஒண்ணு விக்கிது, வாங்கி வை, தின்னுட்டு வெளிய போய்ச் சாகும்"ங்கிறாங்க. எங்கிட்டத் திரும்பி, "நீங்க வீட்டுலதான இருந்தீங்க, சத்தம் கேக்கலையா?"ங்கிறாங்க. நான் என்னத்தச் சொல்றது? "கேக்கலைங்க"ன்னேன். மருமவ என்னையப் பாக்கல. வானத்தப் பாத்துக்கிட்டே சொல்றா:

"வேணாம் மேடம், பாவம். வீட்டு எலி. இருந்துட்டுப் போவட்டும்."

பாத்தீங்களா தம்பி? என்னைய, உரக் கிடங்கு கலியபெருமாள, எலிங்கிறா. ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க என் மரியாதைய. கடைசியா அந்தம்மா, "இன்னொரு தவணைக்கு நான் சொல்றேன். ஆனா இதுக்கு மேல எலி, பூனைன்னு வந்து நிக்கக்கூடாது, பேர எடுத்துடுவேன்"னுட்டுப் போனாங்க. நான் குடுத்த காப்பியக் குடிச்சுட்டுத்தான் போனாங்க.

மருமவ மறுபடியும் மணலக் கழுவினா, மறுபடியும் வெதைச்சா. என்னைய ஊருக்குப் போன்னு ஒரு வார்த்தை சொல்லல. "நான் என்னம்மா செய்யட்டும்?"னு கேட்டேன். "ஒண்ணும் செய்யாதீங்க மாமா. அதான் வேலை"ன்னா. ஒண்ணும் செய்யாம இருக்கிறது ஒரு வேலையா தம்பி? அது உத்திராபதிக்கு வரும், எனக்கு வருமா? என் வீட்டுக்காரி உசுரோட இருந்தப்பவே சொல்லுவா, ஒங்க கை சும்மா இருந்து நான் பாத்ததில்லன்னு.

எங்க ஊர்ல நெல்லு அறுக்கறதுக்கு முன்னாடியே, நிக்கிற பயிருக்குள்ள உளுந்தத் தெளிப்பாங்க. அதோட சரி. பூக்கறப்ப இலையில கொஞ்சம் டி.ஏ.பி. கரைசல் தெளிக்கிறதோட முடிஞ்சுது. உளுந்துக்குன்னு ஒரு மூட்டை யூரியா எங்கிட்ட ஒரு பய வாங்கினதில்ல. எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்கேன். கஞ்சப் பயலுவ, வேற என்னாத்தச் சொல்றது?

சரி, ஏன் கெளம்பினேன்னு கேக்குறீங்க. யாரும் வெரட்டல தம்பி. நானாத்தான் கெளம்பினேன். நேத்து மத்தியானம் அவ காலேஜுக்குப் போயிட்டா, பையன் தூங்குறான். சும்மா காத்தாட மாடிக்குப் போவலாம்னு படி ஏறினேன். பாதிப் படியிலேயே தெரியுது, மறுபடியும் மஞ்சளாவ ஆரம்பிச்சிருக்கு. அப்ப பாக்குறேன், என் கை சட்டைப் பைக்குள்ள இருக்கு. நான் வுடல தம்பி, அதுவாப் போயிருக்கு. பொட்டலத்தப் பிரிச்சுக்கூட வச்சிருக்கு.

அங்கயே படியில ஒக்காந்துட்டேன். அவ வர்ற வரைக்கும் மேலயும் போவல, கீழயும் எறங்கல. வந்ததும், ஊர்ல வேலை இருக்கும்மா, காலையில கெளம்புறேன்னு சொல்லிட்டேன். என்ன மாமா திடீர்னுன்னா. வேலைன்னேன். எனக்கு ஊர்ல என்னா வேலை?

ஆட்டோவுல ஏறினப்புறம் ஓடியாந்து இந்தத் தொட்டிய மடியில வச்சா. "கூடுதலா மொளைச்சது மாமா, கணக்குல இல்ல. நுண்ணுயிர் ஊத்தியிருக்கேன். தண்ணி மட்டும் ஊத்துங்க. மஞ்சளாவும், பயந்துடாதீங்க. பூக்கறப்ப பிடுங்கி வேரப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க"ன்னா. பரீட்சை வைக்கிறா தம்பி, எனக்கு! இந்த வயசுல! பின்னால என் பையன் நின்னான். பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிட்டு ஆட்டோ புடிச்சது அவன்தானாம். பேரு சௌந்தரபாண்டியனாம். கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டானாம்.

அட, திருச்சி வந்துடுச்சா? பேச்சுல தெரியல. எறங்குங்க, எறங்குங்க, நான் தொட்டியோட மெதுவா வர்றேன். தம்பி, ஒரு நிமிசம். இந்தாங்க, இந்தப் பொட்டலத்த நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க. அட, யூரியாதான், என்னா பயப்படுறீங்க. வீட்டுல செடிகிடி இருந்தா போடுங்க. போடறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிறவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. நான் திருந்திட்டேன்னு நெனச்சுடாதீங்க. பையில கனமா இருக்கு, அதுக்காகத்தான்.

போறதுக்கு முன்னாடி இத மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போங்க, எனக்குக் கண்ணாடி சரியில்ல. அடி இலை, இந்தா, இது. மஞ்சளாத்தான இருக்கு?

ம். இருக்கட்டும் தம்பி. இருக்கட்டும்.